மாமிட கேட் கமராவும் தொறக்க ஏலாத 11 கிளிப்பும்

மட்டக்களப்பு கல்லடியில மாமி வீட்டு கேட்டுக்கு ஒரு கமரா பூட்டப் போய் பத்து மாசம் இழுபட்டு போன கிழமைதான் வேலை ஒருமாதிரி முடிஞ்சிது. நான் பிழைப்புக்கே கமரா பூட்டுறவன், சாதாரண நாலு கமராவும் டிவிஆர் எண்ட படம் பதியிற பெட்டியும் எண்டா ஒரு நாள் வேலை, காலம்பற ஏணியில ஏறினா பின்னேரம் தேத்தண்ணி குடிச்சிட்டு காச வாங்கிட்டு வந்திருவன். இது ஒத்தக் கமரா. அதுக்குத்தான் இந்தப் பாடு.

விஷயம் என்னெண்டா மாமிட மகன், எனக்கு மச்சான், டொரண்டோவில இரிக்கான். மாமி தனிய. 2024 ஐப்பசியில ஒரு ஆளிட்ட குடுத்து விட்டான் ஒரு சின்னப் பெட்டிய, ஒரு ஸ்டார்ட்அப் செய்யிற கமராவாம், படம் கமராக்குள்ளயே பூட்டுப் போட்டு, அதாவது என்கிரிப்ட் பண்ணித்தான் வெளிய வருமாம், கொம்பனிக்காரனாலயும் பார்க்க ஏலாதாம், தொறப்பு, அதான் சாவி, போனுக்குள்ள மட்டும்தான் இருக்குமாம். நூறு டொலருக்கு மேல குடுத்திரிக்கான். "மச்சான் நீ இத நல்லா சோதிச்சுப் பாத்திட்டு அம்மாக்குப் பூட்டு" எண்டான். நானும் சரி எண்டன். உண்மையில எனக்கும் ஆசைதான், ஏனெண்டா நாங்க பூட்டுற டிவிஆர்ல இரிக்கிற பாதுகாப்பு எங்களுக்குத் தெரியும். 2016ல மிராய் எண்டு ஒரு கெட்ட சொப்ட்வெயார் கொம்பனியில இருந்து வந்த பாஸ்வேர்ட மாத்தாத கமராவையும் டிவிஆரையும் ஆயிரக்கணக்கில பிடிச்சு வச்சு இன்டர்நெட்டையே அடிச்சிச்சு, 2021 பங்குனியில வெர்காடா எண்ட கொம்பனிட ஒன்றரை லட்சம் கமரா வெளி ஆக்கள்ட கையில போச்சு, 2024 மாசியில வைஸ் கமரா வச்சிருந்த ஒரு 13,000 பேருக்கு அடுத்தவன் வீட்டுப் படம் வந்திச்சு. இதெல்லாம் வாசிச்சிட்டு நானே எத்தினை கடையில கஸ்டமர் அவசரப்படுத்தினாங்க எண்டு ஒண்டு ரெண்டு மூண்டு நாலு எண்டு பாஸ்வேர்ட் போட்டுட்டு வந்திரிக்கன், பொய் சொல்லேலாது.

பெட்டி வந்த அண்டே ஸ்க்ரூவக் கழட்டிப் பாத்தன், அது என்ட பழக்கம். உள்ளுக்கு ராஸ்பெரி பை சீரோ 2 டபிள்யூ எண்ட குட்டிக் கம்பியூட்டர் போர்ட், அதோட கமரா மொடியூல் 3, ஒரு எஸ்டி கார்ட். கவர் 3டி பிரிண்டர்ல அடிச்சது. அந்தக் குட்டி போர்ட் 15 டொலர் எண்டு 2021ல வந்தது, 512 எம்பி ராம்தான், வைஃபை 2.4 மட்டும்தான் பிடிக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்காது. மாமிட ரவுட்டர்ல ரெண்டும் ஒரே பேர்ல கிடந்ததால முதல் ரெண்டு மணித்தியாலம் அதுலயே போச்சு, பேரப் பிரிச்சு விட்ட புறகுதான் கனெக்ட் ஆனது.

போனோட சேர்க்க கமராவோட வந்த கியூஆர் கோட கமராக்குப் பக்கத்தில நிண்டு ஸ்கேன் பண்ணணும். மச்சான் டொரண்டோவில நிண்டுக்கு எப்பிடிப் பண்ணுறது? நான் என்ன செஞ்சன், அந்த கியூஆர போட்டோ எடுத்து வட்ஸ்அப்ல அனுப்பினன். அனுப்பி அரை மணித்தியாலத்தாலதான் மண்டையில அடிச்ச மாதிரி விளங்கிச்சு, அந்த கியூஆர் எண்டதே ரகசியம், அத நான் போட்டோவா எடுத்ததால அது என்ட கேலரியில, அவன்ட கேலரியில, ரெண்டு பேர்ட கூகிள் போட்டோஸ் பெக்கப்பிலயும் போய்க் கிடக்கு. கதவுக்கு நல்ல பூட்டு வாங்கிட்டு தொறப்பப் படம் பிடிச்சு ஊருக்கு அனுப்பின கதை. எல்லாத்தையும் அழிச்சு, கமராவ ரீசெட் பண்ணி, புதுசா ஒரு கோட் எடுத்து, ரெண்டாவது தரம் வீடியோ கோல்ல என்ட போன் ஸ்கிரீன அவனுக்குக் காட்டி சேர்த்தன். அது மட்டும் சுத்தமா எண்டு கேட்டா அதுக்கும் என்னட்ட நல்ல பதில் இல்ல, ஆனா படமா எங்கயும் தங்கல்ல.

மறுகா சோதனை. மேசையில வச்சு ஒரு கிழமை பாத்தன். லெப்டொப்ப ஹொட்ஸ்பொட் ஆக்கி கமராவ அதுல விட்டு வயர்ஷார்க்ல, அது நெட்வேர்க்கால போறதப் பிடிச்சுக் காட்டுற சொப்ட்வெயார், பாத்தா உள்ளுக்கு ஒண்டும் வாசிக்க ஏலா, அது எதிர்பார்த்ததுதான், இப்ப எல்லாமே அப்பிடித்தான் போகும், அதால கொம்பனிக்காரன் பார்க்க மாட்டான் எண்டு ஆகாது. ஆனா அவங்கட செர்வர் கோட் ஆரும் எடுக்கிற மாதிரி வெளிய கிடந்திச்சு, அத எடுத்து கடையில இருந்த பழைய லெப்டொப்ல ஓட விட்டு கமராவ அதுக்குத் திருப்பினன், அப்ப கொம்பனிக்காரன்ட கண்ணுக்கு என்ன தெரியுமோ அது எனக்கும் தெரியும்.

இதுல ஒரு மொக்குத்தனம் செஞ்சன். வந்து விழுந்த ஃபைல சிப் பண்ணிப் பாத்தன், பூட்டுப் போட்ட ஃபைல் சுருங்காது எண்டு எங்கயோ கேட்டது. 2.4 எம்பி ஃபைல் சிப் பண்ணியும் 2.4 எம்பி. ஆகா எண்டு மச்சானுக்கு மெசேஜும் போட்டுட்டன். புறகு சும்மா என்ட போன்ல எடுத்த ஒரு வீடியோவ சிப் பண்ணிப் பாத்தா அதுவும் சுருங்கல்ல, ஏனெண்டா வீடியோ ஏற்கெனவே சுருக்கித்தானே வச்சிரிக்கு. அப்ப அந்த சோதனை ஒண்டுக்கும் உதவாது. மறுகா ஃபைலுக்குள்ள கிடக்கிறத அப்பிடியே காட்டுற ஹெக்ஸ் வியூவர்ல தொறந்து பாத்தன், எம்பி4 எண்டா தொடக்கத்திலயே எஃப் டி வை பி எண்டு நாலு எழுத்து கிடக்கும், இதுல இல்ல, முழுக்கக் குப்பை. விஎல்சி வீடியோ பிளேயரும் தூக்கல்ல. அதே கிளிப் போன் ஆப்ல வடிவா ஓடுது. அதோட எனக்குத் திருப்தி, உள்ளுக்கு ஓடுறது எம்எல்எஸ் எண்ட பூட்டுற முறை, 2023ல ஸ்டாண்டர்டா வந்தது, அதுட கணக்குச் சரியா எண்டு பார்க்கிற மூளை எனக்கில்ல.

ஆனா வயர்ஷார்க் பாக்கக்குள்ள வேற ஒண்டு கண்ணில பட்டது. சும்மா இரிக்கக்குள்ள நிமிஷத்துக்கு ஒருக்கா குட்டி குட்டியா ஏதோ போகும். நான் கமராக்கு முன்னால நடந்தா டக்கெண்டு 2, 3 எம்பி பாயும். படம் தெரியாட்டியும் வீட்டில எத்தினை மணிக்கு ஆள் நடமாடுது எண்டத அந்த வைஃபையப் பாத்துக்கு இரிக்கிறவன் எழுதி வைக்கலாம். இத எந்தப் பூட்டும் மறைக்கல்ல.

அதோட எஸ்டி கார்டையும் கழட்டி லெப்டொப்ல போட்டன். இதுதான் உண்மையான ஓட்டை. வைஃபை பாஸ்வேர்ட் அப்பிடியே வாசிக்கிற மாதிரிக் கிடக்கு. அதுக்கு மேல, இன்டர்நெட் இல்லாத நேரம் எடுத்த கிளிப் அனுப்பக் காத்துக்கிட்டு கார்ட்ல கிடந்திச்சு, பூட்டுப் போடாம, சாதாரண எம்பி4ஆ, விஎல்சியில ஓடிச்சு. பூட்டு அனுப்பக்குள்ளதான் போடுறாங்க. கள்ளன் கமராவயே கழட்டிட்டுப் போனா? அவங்களுக்கு மெயில் போட்டன், மூணு நாளில பதில் வந்திச்சு, ஓம் தெரியும் செய்யிறம் எண்டு. பங்குனி அப்டேட்ல கிளிப் பிரச்சினை சரி. பாஸ்வேர்ட் இன்னும் அப்பிடித்தான், அதுக்கு நான் மாமிட ரவுட்டர்ல கெஸ்ட் வைஃபை ஒண்டு தொறந்து கமராவ அதுக்குள்ள தள்ளி விட்டன், தூக்கிட்டுப் போனாலும் அந்தப் பாஸ்வேர்ட மாத்தினா முடிஞ்சிது.

கார்த்திகையில பூட்டினன். கேட்ல இருந்து ரவுட்டர் இரிக்கிற ஹோல் வரைக்கும் வயர் வழி 12 மீட்டர். முதல் அவசரத்துக்கு 10 மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒண்ட ஜன்னலுக்கால இழுத்துக் குடுத்தன், கமரா பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா செத்து செத்து ஒழும்புது. மீட்டர வச்சுப் பாத்தா இந்தப் பக்கம் 5.1 வோல்ட், அந்தப் பக்கம் 4.4. பெரிய பை போர்ட் எண்டா 4.63க்குக் கீழ போனா கரண்ட் காணாது எண்டு கத்தும், இந்த சீரோ அப்பிடிக் கத்தாது. வயர மாத்தினன், 12 வோல்ட்ட சாதாரண ரெட்டை வயர்ல கேட் வரைக்கும் கொண்டு போய் அங்க ஒரு எல்எம்2596 போர்ட போட்டு 5.1க்கு இறக்கினன். அந்தக் குட்டி ஸ்க்ரூவ மீட்டரப் பாத்துக்கிட்டு திருப்பி செட் பண்ணிட்டுத்தான் கமராவ மாட்டணும், முதல்லயே மாட்டிட்டுத் திருப்பினா கமராவுக்குக் காரியம் செய்ய வேண்டி வரும். 12 வோல்ட் எடுத்தது ரவுட்டர் மினி யூபிஎஸ்ல இருந்து. 2022 கரண்ட் கட் காலத்தில 13 மணித்தியாலம் இருட்டில இருந்த ஊருக்கு அந்தச் சாமானப் பத்தி நான் சொல்லத் தேவையில்ல. ரவுட்டரும் கமராவும் சேர்ந்து நாலு மணித்தியாலத்துக்கு கொஞ்சம் மேல இழுக்குது.

மாரி தொடங்கினதும் ஈசல். ராவில படம் தெரியிறதுக்கு கேட் லைட்டப் போட்டு வச்சிருந்தன், ஈசல் எல்லாம் கமராக்கு முன்னால கலியாணம் கொண்டாடுது, ஒரு ராவில 140 கிளிப். கிளிப் ஒண்டு ரெண்டரை எம்பி, 350 எம்பி ஒரு ராவுக்கு ஈசலுக்கே போச்சு, மாமிட 4ஜி டேட்டா. லைட்ட கமராட பக்கத்தில இருந்து கழட்டி மூணு மீட்டர் தள்ளி தென்னையில கட்டினன், மனிசன் வந்தா மட்டும் எண்டு ஆப்ல மாத்தினன். எட்டு பத்துக்கு இறங்கிச்சு. அதுக்குள்ளயும் ரெண்டு பல்லி.

2025 மாசி 9ம் திகதி ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இரிக்கும், பாணந்துறையில குரங்கு ஒண்டு சப்ஸ்டேஷனுக்குள்ள பூந்து முழு நாட்டுக்கும் கரண்ட் போன நாள். பின்னேரம் கரண்ட் வந்திச்சு, அதுக்குள்ள யூபிஎஸ் செத்து, கமரா புதுசா ஒழும்பி, டவர் இன்னும் வரல்ல. அண்டைக்கு நாலே முக்காலுக்கு நான் மாமி வீட்ட போய் கேட்டத் தொறந்தன். ராவு ஆப்ல பாத்தா நான் வந்தது காலம்பற 11:23 எண்டு கிடக்கு! அந்த போர்ட்ல மணிக்கூடு இல்ல, கடைசியா சேவ் பண்ணின நேரத்தில இருந்து எண்ணத் தொடங்கும், இன்டர்நெட் வந்தாத்தான் திருந்தும். கள்ளனப் பிடிச்சுக் குடுக்கிற படத்தில நேரமே பிழை எண்டா அந்தப் படத்த வச்சு என்ன செய்ய? டிஎஸ்3231 எண்ட மணிக்கூட்டு மொடியூல் கொழும்பில இருந்து எடுத்தன், நாலு வயர்தான், 1, 3, 5, 9ம் பின்ல சூடு வச்சு கொன்ஃபிக் ஃபைல்ல ஒரு வரி. கவனம், அந்த மலிவு மொடியூல்ல பற்றியச் சார்ஜ் பண்ணுற சேர்கிட் ஒண்டு கிடக்கு, சாதாரண சிஆர்2032 போடுறதெண்டா 5 வோல்ட் குடுக்காதீங்க, 3.3லயே விடுங்க. நான் அதுலயும் நம்பிக்கை இல்லாம அந்த டயோடக் கழட்டிட்டன்.

ஆடியில கச்சான் எண்ட வெக்கைக் காத்து. கேட் தூண் மேற்குப் பக்கம் பாக்குது, மூணு மணி வெயில் நேர அதுலதான். போர்ட் சூடு 79 காட்டிச்சு, 80 தாண்டினா தானா வேகத்தக் குறைக்கும். அத விட அந்த 3டி பிரிண்ட் கவர் பிஎல்ஏ பிளாஸ்டிக், 60க்குக் கிட்ட வந்தாலே இளகும், ஒரு நாள் போய்ப் பாத்தா கமரா தலையக் குனிஞ்சு ரோட்டப் பார்க்காம மாமிட செருப்பப் பாத்துக்கு நிக்கிது. வெள்ளை பிவிசி ஜங்ஷன் பொக்ஸ் ஒண்டு வாங்கி, கீழ்ப்பக்கம் ரெண்டு ஓட்டை காத்துக்கு, முன்னால கண்ணாடிக்கு ஒரு வட்டம் வெட்டி, மேல தகரத்தில சின்னக் கூரை. கடல் 300 மீட்டர்தான், உப்புக் காத்துக்கு வயர் மூட்டு எல்லாம் கிறீஸ் பூசி விட்டன். இப்ப 66க்கு மேல ஏறல்ல. இத முதல் நாளே செஞ்சிருக்கலாம், மச்சான்ட பெட்டி வடிவா இரிக்கு எண்டு ஏமாந்திட்டன்.

இதெல்லாம் இரும்பு, வயர் சம்பந்தப்பட்ட பிரச்சினை, தீர்த்துப் போடலாம். மாமிட பிரச்சினை வேற.

மாமி விடிய ஆறரைக்கு முத்தம் கூட்டுவா, ரெண்டாம் தலைமுறையா அந்த வளவில அப்பிடித்தான். அந்த நேரம் டொரண்டோவில ராவு எட்டு ஒம்பது மணி, மச்சான் சாப்பிட்டுட்டு போனோட சாய்ஞ்சிருப்பான். கோல் எடுப்பான். "அம்மா ஏன் செருப்புப் போடல்ல." அடுத்த நாள், "அம்மா ஆரு அந்த மனிசி, கேட்ல நிண்டு இவ்வளவு நேரம் கதைக்கா." ஒரு நாள் நான் போகக்குள்ள கமராக்கு மேல மாமிட பச்சைத் துவாய் கிடக்கு. என்ன மாமி எண்டன்.

"மனே, அந்தக் காலம் சென்றியில ஆமிக்கு ஐசி காட்டினம், போகக்குள்ளயும் வரக்குள்ளயும் கணக்குச் சொன்னம். இப்ப பெத்த புள்ளைக்கும் காட்டணுமாகா?"

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. நான் ஒன்பது மாசமா கொம்பனிக்காரன் பார்க்கிறானா, செர்வர்க்காரன் பார்க்கிறானா எண்டு வயர்ஷார்க்கோட கிடந்தன், மாமி யாருக்கு மறைக்க நினைக்கிறா எண்டு ஒரு நாளும் கேக்கல்ல. பெட்டியில பிரைவசி எண்டு எழுதிக் கிடக்கு, அது மச்சான்ட பிரைவசி, கமரா பாக்கிறது மாமிய.

சரி எண்டு மச்சானோட சண்டை பிடிச்சு, அவன்ட போனையும் என்ட போனையும் கழட்டி விட்டன். தொறப்பு மாமிட போன்ல மட்டும். மாமிக்கு சந்தோஷம், துவாய் போச்சு. நியாயமான வேலை செஞ்ச மாதிரி எனக்கும் ஒரு பெருமை.

ஆவணியில மாமிட போன் மெமரி நிரம்பி இறுகிச்சு. நான் கல்முனைப் பக்கம் ஒரு வேலையில நிண்டன், மாமி பக்கத்து வீட்டுப் பொடியனிட்ட குடுத்து விட்டிருக்கா, அவன் டவுன்ல ஒரு போன் கடையில குடுத்து சொப்ட்வெயார் அடிச்சுக் கொண்டு வந்திட்டான். புதுப் போன் மாதிரி. உள்ளுக்கு ஒண்டும் இல்ல. தொறப்பும் இல்ல.

போன் கடையில கிடந்த அந்த ரெண்டு ராவுக்குள்ளதான் தேங்காய் போச்சு. காய் ஒண்டு 200 ரூவாய் கிட்டப் போன நேரம், 28 காய், பறிச்சுக் குவிச்சு வச்சது, உரிக்கக் கூட இல்ல. மாமி கோல் எடுத்து "அதுல விழுந்திருக்கும் தானே மனே, பாரு" எண்டா. விழுந்துதான் இரிக்கு. செர்வர்ல 11 கிளிப் காத்துக்கிட்டுக் கிடக்கு. புதுசா கியூஆர் ஸ்கேன் பண்ணி மாமிட போன சேர்த்தன், புதுக் கிளிப் எல்லாம் வருது, பழைய 11ம் தொறக்கல்ல. அவங்களுக்கு எழுதிக் கேட்டன், ஏலாது எண்டாங்க. அந்த எம்எல்எஸ்ல தொறப்பு மாறி மாறிப் போகும், புதுசா வாற போன் அதுக்கு முந்தினத வாசிக்க ஏலாத மாதிரித்தான் கட்டி வச்சிரிக்கிறதே, பிழை இல்ல, அதுதான் சாமான். கமராக்குள்ளயும் தேடினன், அனுப்பி முடிஞ்ச கையோட அழிச்சிருது. பங்குனிக்கு முந்தி எண்டா கார்ட்ல கிடந்த ஏதாவது பூட்டுப் போடாத கிளிப்பாவது ஆப்பட்டிருக்கும், அந்த ஓட்டைய மெயில் போட்டு அடைக்க வச்சதே நான்தான்.

மாமிக்கு இத விளங்கப்படுத்திறதுக்கு அரை நாள் போச்சு. "அப்ப கள்ளன்ட படம் இரிக்கு, ஆனா பார்க்க ஏலாது." ஓம் மாமி. "அப்ப என்னத்துக்கு மனே இது."

இப்ப எப்பிடி வச்சிரிக்கன் எண்டா, மாமிட போன், அதோட என்ட பழைய போன் ஒண்டு, சிம் இல்லாம, வைஃபை மட்டும். அது மாமிட அலுமாரியில நகைப் பெட்டிக்குப் பக்கத்தில கிடக்கு, ரெண்டாவது தொறப்பு எண்டு மாமியே பேர் வச்சிட்டா. கிழமைக்கு ஒருக்கா சார்ஜ் போடணும், ஞாயிறு கோயிலுக்குப் போகக்குள்ள போட்டுட்டுப் போறா. அத வச்சு ரெண்டு தரம் மாமிட போன அழிச்சு சோதிச்சுப் பாத்திட்டன், கிளிப் நிக்குது. மச்சானையும் திரும்பச் சேர்த்தாச்சு, ஆனா ராவு பத்தில இருந்து விடிய அஞ்சு வரைக்கும் மட்டும்தான் கமரா ஓடும், ஆப்ல அப்பிடி ஆளுக்கு ஒரு நேரம் வைக்கிற வசதி இல்ல, அதால நான் மொத்தமா கமராட கரண்டையே 600 ரூவாய் டைமர் ஒண்டால கட் பண்ணினன். மணிக்கூட்டு மொடியூல் போட்டது இதுக்கும் உதவிச்சு.

செலவு கேப்பீங்க. எல்எம்2596 போர்ட் 280, மணிக்கூட்டு மொடியூல் 650, பற்றி 100, ஜங்ஷன் பொக்ஸ் 520, வயர் 12 மீட்டர் 90 படி 1,080, மினி யூபிஎஸ் 6,900, ரோல் பிளக் கிளிப் சில்லறை 300, 9,830 ரூவாய், அதோட டைமர் 600. கமரா மச்சான்ட கணக்கு, என்ட கூலி மாமிட இறால் கறி. முதல் நாளே யோசிச்சிருந்தாலும் இந்தக் காசு மிச்சம் இல்ல, எப்பிடியும் போயிருக்கும், மிஞ்சியிருக்கும் எண்டா அது பத்து மாசமும் 28 தேங்காயும்தான். அடுத்த தரம் இந்தமாதிரி ஒண்ட ஒரு கஸ்டமருக்குப் பூட்டினா ஏணிய எடுக்க முதல் ரெண்டாவது போன எங்க வைக்கிறது எண்டு கேட்டு எழுதி எடுத்திட்டுத்தான் மிச்ச வேலை. வீட்டு ஆக்கள் எல்லாரையும் கூப்பிட்டு ஆருக்குப் படம் போகும், எத்தினை மணிக்குப் போகும் எண்டும் கேப்பன், பூட்டச் சொன்னவன மட்டும் கேட்டு வேலையில்ல. கடைக்காரருக்கு இப்போதைக்கு இத நான் பூட்ட மாட்டன், கல்லாப்பெட்டிக் கமரா கிளிப் தொறக்கல்ல எண்டா அவன் என்னத்தான் தொறப்பான்.

டைமர் பூட்டின அடுத்த நாள் விடிய மாமி கோல் எடுத்தா, கமராட பச்சை லைட் அணைஞ்சிதான் கிடக்கு, எண்டாலும் அது கண்ண மூடிட்டு நித்திரை மாதிரி நடிக்குதோ எண்டு ஒரு சமுசயமாம், கூட்டி முடியிற வரைக்கும் துவாயப் போட்டா ஏதும் பழுதாகுமா எண்டு கேட்டா. ஒண்டும் ஆகாது எண்டன். பின்னேரம் போய் பொக்ஸுக்குப் பக்கத்தில துவாய் கொழுவுறதுக்கு ஒரு ரெண்டங்குல ஆணி அடிச்சுக் குடுத்திட்டு வந்தன்.